மாதா தலைக்கு மேலே ஒரு நீல டிரம்

நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். ஐம்பது லிட்டர் பிடிக்கும். கழுத்துவரை தண்ணீர். தரையிலிருந்து பத்தடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிறது. தொங்குவதோடு நிற்காமல் மணியின் நாக்கு மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் கீழே சிந்துகிறது.

சிந்துகிற இடத்தில் மாதா சுரூபம். வெள்ளை அங்கி, நீலக் கச்சை, கூப்பிய கைகள். பக்கத்தில், ஃபோட்டோவுக்கு நின்ற நிலையிலேயே உறைந்துபோய் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர். கயிற்றின் மறுமுனையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர். அவர்களுக்கும் பின்னால், கயிற்றின் வாலைப் பிடித்தபடி, இரண்டு செருப்பும் மணலில் கோடு போட, முன்னோக்கி இழுபட்டுக்கொண்டிருக்கிற நாற்பத்தெட்டுக் கிலோ ஆசாமிதான் அடியேன். டிரம் என்னைவிட நாலு கிலோ கனம்.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடக் கூடாது என்பது சிஸ்டரின் உத்தரவு. அந்த உத்தரவுக்கு மண்டையை ஆட்டிவிட்டு வந்தவன் நான்.

டிரம் விழுந்ததா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் அது அங்கே ஏறிய கதையைச் சொல்லிவிடுகிறேன். பதற்றப்படாதீர்கள். நான் பட்டதே நம் எல்லோருக்கும் போதும்.

ஆணி அடிக்கத் தெரியாத கைவேலை வாத்தியார்

போன வாரம் எழுதிய மைதாப் பசைக் கதையைப் படித்துவிட்டு, இப்படிப்பட்டவரிடமா பிள்ளைகளை ஒப்படைத்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆமாம் ஐயா, இப்படிப்பட்டவரிடம்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வரி. தொண்ணூறுகளின் கடைசியில், ராயபுரத்தில், சிஸ்டர்கள் நடத்திய ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியில் நான் கைவேலை ஆசிரியர். ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரி, மறுபக்கம் மீன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கிழக்கே திரும்பினால் கருவாடு. தெற்கே திரும்பினால் நாசித் துவாரத்தில் கரி. சிஸ்டர் தினமும் காலையில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மாதா முகத்தைத் துடைப்பார். மத்தியானத்துக்குள் மாதாவுக்கு மீசை முளைத்துவிடும்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் பசை சார். காகிதப் பூ, காகித நட்சத்திரம், காகிதக் கூடை. பசையால் ஒட்ட முடியாத எதையும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. காரணம் உண்டு. என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சுத்தியலால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, எழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற ஆள். எங்கள் வீட்டில் ஆணி அடிக்கத் தெரியாத ஒரே ஆண் நான். ஒருமுறை காலண்டர் மாட்ட ஆணி அடித்தேன். ஆணி உள்ளே போகவில்லை, சுவர் வெளியே வந்தது. அப்பா அன்றிரவு அம்மாவிடம், இவனை டிராயிங் படிக்க வைத்துவிடலாம் என்றார்.

அப்படித்தான் அந்தப் பள்ளிக்கு வந்தேன். நான் வேதக்காரன் இல்லை. காலை ஜெபத்தில் எல்லோரும் சத்தமாகச் சொல்லும்போது எனக்கு வார்த்தை தெரியாது. சும்மா நின்றால் சிஸ்டர் பார்ப்பார். ஆகவே வாயை மட்டும் அசைப்பேன். எட்டு வருஷம் அசைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் என்னைவிடப் பக்திமான் கிடையாது. முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும், சாரிடமிருந்து காற்றுதான் வருகிறது என்று.

இந்த வாயசைப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிரம் ஆடும்போது தேவைப்படும்.

ஐந்து படி

அந்த வருஷம் ஜூன் மாதம், பல பள்ளிகளுக்குப் பொறுப்பான ஒரு ஃபாதர் வெளிநாடு போய்வந்தார். வரும்போது சாக்லேட்டோடு ஒரு புதிய பாடத்தையும் கொண்டுவந்தார். டிசைன் அண்ட் டெக்னாலஜி. பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டர் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் ஒரு வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டி விளக்கினார். ஐந்து படி. பார், யோசி, வரை, செய், சோதித்துப் பார். பிள்ளைகள் தங்கள் இடத்தில் ஒரு தொல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தீர்க்க ஒரு பொருளை வடிவமைத்துச் செய்ய வேண்டும். படத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலு பேர் ஐஸ் குச்சியில் பாலம் கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐஸ் குச்சி என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஐஸ் குச்சியைப் பசையால் ஒட்டலாம்.

ஏழெட்டு மாதம் ஒட்டினோம். பாலம், வீடு, பேனா ஸ்டாண்ட். சிஸ்டருக்கும் தொல்லையில்லை, எனக்கும் தொல்லையில்லை. தொல்லையே இல்லாததுதான் தொல்லை என்று ஃபாதர் பிப்ரவரியில் கண்டுபிடித்தார். நேரில் வந்து பார்க்கப் போகிறேன், பள்ளிக்கூடத்துக்கு உண்மையிலேயே பயன்படும் ஒரு பொருள் வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பீரியடை எடுத்துவிட்டுத் தையலுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

நான் ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். நம்ம பள்ளிக்கூடத்துல என்ன தொல்லை, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க.

கண்டெய்னர் லாரி ஹாரன் என்றான் ஒருவன். பசை நாற்றம் என்றான் இன்னொருவன். அவனை உட்காரச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து பிலோமினா எழுந்தாள். கறுத்து, உறுதியாக, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய பெண். காசிமேட்டு மீன்பிடிக்காரர் அந்தோணியின் மகள்.

"தண்ணி சார்" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சொல்லாத விஷயம் அது.

மாடியில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும். அங்கே இருநூறு லிட்டர் தொட்டி. மோட்டார் எரிந்துபோய் ஒரு வருஷம். ஆயாவுக்கு முட்டிவலி. அதனால் காலை முதல் பீரியடில் ஐந்தாம் வகுப்பிலிருந்து பலசாலிப் பெண்கள் நாலு பேர் முற்றத்து அடிபம்பில் குடம் நிரப்பி, இருபத்து நாலு படி ஏறி ஊற்றுவார்கள். ஆளுக்கு ஐந்து நடை. அந்த நாலு பேரில் முதல் ஆள் பிலோமினா.

முதல் பீரியட் கணக்கு.

"மார்ச்சுல எனக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல பரிச்ச சார். ஆறாங்கிளாஸ் சேர்றதுக்கு. வகுத்தல் வருமாம்" என்றாள். "எனக்குக் கூட்டல் தெரியும். வகுத்தல் நடத்தசொல்ல நான் படிக்கட்டுல இருந்தேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. இடுப்பில் குடம் உரசிய இடத்தில் பாவாடை நைந்து வெளுத்திருந்தது. எட்டு மாதமாக அதை நான் பார்க்காமல் ஐஸ் குச்சி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிஸ்டர் அறையில் ஏழு நிமிடம்

சிஸ்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா நின்றது.

"நம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தண்ணீர் தூக்குகிறார்கள் என்று ஃபாதருக்குப் படம் வரைந்து காட்டப்போகிறீர்களா சார்?"

இல்லை சிஸ்டர் என்றேன். ஆமாம் சிஸ்டர் என்றும் சொன்னேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை.

சிஸ்டரைப் பற்றித் தப்பாக எழுதிவிட எனக்கு மனமில்லை. மோட்டாருக்காக அவர் ஏறாத படியில்லை. மாடிக் குழந்தைகள் தாகமாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமும் இல்லை. ஆனால் முகத்தில் சிரிப்பு வருவது அபூர்வம். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கடற்கரை என்று ஆயா சொல்லிக் கேள்வி. அவர் வாயிலிருந்து ஊர்ப் பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. பாடப்புத்தகம் மாதிரி பேசுவார். பள்ளி முழுக்க அமைதி வேண்டும். நடக்கிற சத்தம்கூட அவருக்கு ஆகாது.

கடைசியில் ஒரு முடிவு சொன்னார். ஃபாதர் வெள்ளிக்கிழமை வருகிறார். அன்று உங்கள் இயந்திரம் தண்ணீரை மாடிக்கு ஏற்றிவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து பெண்கள் முதல் பீரியடுக்கு வகுப்பில் இருக்கலாம். ஏற்றாவிட்டால் தையல் டீச்சர் வருவார். தண்ணீர் பழையபடி குடத்தில் ஏறும்.

வெளியே வந்தபோது பிலோமினா தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பசையால் ஒட்டுவீங்களா சார் என்றாள்.

யார் குரல் கொடுக்கிறது?

மாடி வராந்தா சுவரில், முன்பு மணி தொங்கிய இரும்புக் கை ஒன்று சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கப்பியை மாட்டி, கயிறு விட்டு, ஒரு முனையில் டிரம், மறுமுனையில் பிள்ளைகள். இதுதான் வடிவமைப்பு. மாதா பீடம் இரும்புக் கைக்கு நேர் கீழே இல்லை, இரண்டடி தள்ளி. இரண்டடி போதும் என்று நான் கணக்குப் போட்டேன். டிரம் நேராக ஏறினால் போதும்தான்.

கப்பி கேட்டு அந்தோணியைத் தேடிக் காசிமேடு போனேன். படகு நிழலில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பள்ளிக்கூடத்துல வல இஸ்க்க சொல்லித்தர்றீங்களா?"

விளக்கினேன். சுவரில் மாட்டிய ஐந்து படியையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். குவியலிலிருந்து ஒரு இரும்புக் கப்பியை எடுத்து, விரலால் சுண்டிச் சுற்றவிட்டு, எண்ணெய் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். கொடுத்த பிறகு கேட்டார்.

"கொரலு யாரு குடுக்கறது?"

எதற்குக் குரல் என்றேன். கயிறு இருக்கிறது, கப்பி இருக்கிறது, எட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த ஆள் வலையைப் பார்த்தார்.

"சரி சார். படிச்சவங்க நீங்க. நீங்க சொன்னா கரீட்டாத்தான் கீம்" என்றார் அந்தோணி.

நான் அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் படி, வரை. வகுப்பில் எல்லோரும் வரைந்தார்கள். பிலோமினாவின் படம்தான் சிறந்தது. இரும்புக் கை, கப்பி, கொக்கி, டிரம், கயிறு போகும் திசைக்கு அம்புக்குறி, வரிசையாக எட்டுக் குச்சி மனிதர்கள். ஓரத்தில் கணக்கு: 50, 100, 150, 200. நாலு தடவை. வகுக்கத் தெரியாததால் கூட்டிக் கூட்டிப் போயிருந்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில், முகமே இல்லாமல், தனியாக ஒரு வாய். பெரிதாகத் திறந்த வாய், பல்லும் நாக்குமாக.

சிவப்பு மையால் அந்த வாயின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டேன். 'தேவையற்றது. கருவிகளை மட்டும் வரையவும்' என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பதரை. பெரிய மனது பண்ணி அரை மார்க் மட்டும் குறைத்ததாக எனக்கு நினைப்பு.

ஏலோ

அந்த வாரம் ஏழு சோதனை. சாயங்காலம் பள்ளி விட்டதும் சிஸ்டர் மாதா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துச் செய்வோம். ஏழு தடவையும் டிரம் லிஃப்டில் போகிற மாதிரி அலுங்காமல் ஏறியது. மேலே ஆயா எட்டிப் பிடித்துக் கைப்பிடிச் சுவருக்குள் இழுத்துக்கொள்வார்.

இழுக்கும்போது பிலோமினா ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள். மற்ற ஏழு பேரும் ஏலோ என்பார்கள். அந்த ஏலோவில் எட்டு ஜோடிக் கையும் ஒரே சமயத்தில் பின்னால் போகும். வரிக்கு அர்த்தம் வேண்டியதில்லை. எதிரே யார் நிற்கிறாரோ அவர்தான் பாட்டு.

"பசை சாருக்கு."

ஏலோ.

"பல்லு நீளம்."

ஏலோ.

நான் சிரித்துக்கொண்டே சோதனை நோட்டில் குறித்துக்கொண்டேன். கயிற்றின் தடிமன், கப்பியின் குறுக்களவு, பிள்ளைகளின் எண்ணிக்கை, ஆன நேரம். பாட்டைக் குறிக்கவில்லை. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், பாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை சிஸ்டர் கோயிலுக்குப் போகவில்லை. ஏழாவது சோதனையின் நடுவில் ஜன்னல் திறந்தது. இறங்கி வந்தார்.

"டிரம் ஏறுகிறது. நல்லது. ஆனால் நாளைக்கு இந்தக் கூப்பாடு வேண்டாம் சார். இது பள்ளிக்கூடம். மீன் ஏலம் விடுகிற இடம் இல்லை."

சரி சிஸ்டர் என்றேன். அவ்வளவு சீக்கிரமாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை.

சிஸ்டர் பிலோமினா பக்கம் திரும்பினார். நாளை உன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தாலும், திங்கட்கிழமையிலிருந்து நாலு பேர் குடத்தையும் நீ ஒருத்தியே தூக்குவாய் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் கப்பியைப் பார்த்தேன். கப்பிக்கு எண்ணெய் போதுமா என்று அந்த நேரத்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகத் தோன்றியது.

சிஸ்டர் போனதும், கவலைப்படாதீங்க, நான் கைக்குட்டை ஆட்டுறேன், ஆட்டும்போதெல்லாம் இழுங்க என்றேன். எட்டுப் பேரும் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை

ஃபாதர் கேமராவோடு வந்தார். சிஸ்டர் துவைத்து மடித்த வெள்ளை உடுப்பில் மாதா பக்கத்தில் போய் நின்றார். பின்னணியில் டிரம் ஏறுவது விழ வேண்டும் என்று ஃபாதர் சொன்னதால் நின்ற இடம் அது. நான் கயிற்றுக்குப் பக்கவாட்டில், கைக்குட்டையோடு, ரயில்வே கார்டு மாதிரி.

ஆட்டினேன். இழுத்தார்கள். ஏறியது.

ஆட்டினேன். ஏறியது. மூன்றாவது தடவையும் ஏறியது. ஃபாதர் பேஷ் என்றார்.

நாலாவது தடவை முன்னால் நின்ற இரண்டு பேர் கேமராவைப் பார்த்தார்கள். கைக்குட்டையைப் பார்த்தவன் ஒருத்தன் இழுத்தான். கயிற்றைப் பார்த்தவன் இழுக்கவில்லை. இழுக்கிறவன் கயிற்றைத்தானே பார்ப்பான்? கைக்குட்டையைப் பார்க்கக் கண் எங்கே மிச்சம் இருக்கிறது? அந்தக் கேள்வி எனக்கு அப்போதுதான் தோன்றியது. டிரம் ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த இழுப்பில் நாலு பேர் முன்னே, நாலு பேர் பின்னே. குலுக்கல் ஆட்டமாக மாறியது. இரண்டடி தள்ளி என்று கணக்குப் போட்டேனே, அந்த இரண்டடியை டிரம் நாலே ஆட்டத்தில் தின்றுவிட்டது.

கயிறு ஒரு சாண் நழுவியது. கடைசியில் நின்ற பையன் உள்ளங்கை சுட்டு உஸ் என்றான். நான் கைக்குட்டையை எறிந்துவிட்டு ஓடிக் கயிற்றின் வாலைப் பிடித்தேன். அதோடு கயிறு என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆரம்பத்தில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

டிரம்மின் அடி மாதா கிரீடத்துக்கு இரண்டடி மேலே போய்ப் போய் வந்தது. இன்னும் மூன்று சாண் கயிறு நழுவினால் போதும். சிஸ்டர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பீடத்தில் ஏறி மாதாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். டிரம் இப்போது அவர் முக்காட்டுக்கு மேலே. தண்ணீர் அவர் முதுகில் கொட்டியது.

குரல் கொடுக்க வேண்டும். அது எனக்கே தெரிந்துவிட்டது. உத்தரவை வாங்கிவந்தவன் நான், உடைக்க வேண்டியவனும் நான். வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. எட்டு வருஷப் பயிற்சி வீண் போகுமா? பிலோமினா திரும்பி என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபத்தில் முன்வரிசைப் பிள்ளை அவள். சாரிடமிருந்து காற்றுதான் வரும் என்று தெரிந்தவள்.

அவள் ஒரு நொடி சிஸ்டரைப் பார்த்தாள். நாலு பேர் குடம் என்பது இருபது நடை. மார்ச் மாதம் முழுக்க. பரீட்சையும் மார்ச்சில். அந்த வயதில் அவள் அதை எப்படிக் கூட்டிப் பார்த்தாளோ தெரியாது. முகத்தைக் கப்பியின் பக்கம் திருப்பிக்கொண்டு குரலை எடுத்தாள்.

"மாதா மேல."

ஏழு பேருக்கும் அதற்காகவே காத்திருந்த மாதிரி. ஏலோ.

"மோதாதே."

ஏலோ.

கயிறு இறுகியது. நான் இழுபடுவது நின்றது. முதல் முறையாக என் செருப்பு இருந்த இடத்தில் இருந்தது.

"மெல்ல மெல்ல."

ஏலோ.

"மேல போயேன்."

ஏலோ. டிரம்மின் ஆட்டம் ஒவ்வொரு இழுப்புக்கும் குறைந்தது. நானும் ஏலோ என்றேன். இந்த முறை சத்தம் வந்தது, கொஞ்சம் கிழிந்த சத்தம், ஆனால் என்னுடையது.

"சிஸ்டரம்மா."

ஏலோ.

"திட்டாதே."

ஏலோ. அந்த ஏலோவில்தான் நான் தற்செயலாகப் பீடத்தைப் பார்த்தேன். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மாதாவைப் பிடித்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த ஏலோவுக்குச் சரியாக அசைந்தது. அதற்கு அடுத்ததற்கும். சத்தமில்லை, உதடு மட்டும். வாயசைப்பு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அது ஜெபம் இல்லை.

மேலே ஆயா டிரம்மை எட்டிப் பிடித்தார். தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

உள்ளங்கை

யாரும் கைதட்டவில்லை. சிஸ்டர் பீடத்திலிருந்து இறங்கினார். முதுகெல்லாம் ஈரம். மாதா மேலிருந்த கரித்தூள் அவர் வெள்ளை உடுப்பில் கோடு கோடாக இறங்கியிருந்தது. ஃபாதர் பதற்றத்தில் ஒரே ஒரு ஃபோட்டோ எடுத்திருந்தார். பிறகு கழுவிப் பார்த்ததில் அதில் என் இடது செருப்பு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

சிஸ்டர் பிலோமினாவைக் கூப்பிட்டார். அவள் போய் நின்றாள். எனக்கு இப்போதுதான் குரல் வந்திருந்தது, அதைச் செலவழிக்கலாம் என்று, தப்பு என்னுது சிஸ்டர் என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிலோமினாவின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்திருந்தது.

"மொத இழுப்புக்கே சத்தங் குடுக்கணும்ளா" என்றார். "பாதியில குடுத்தா கயிறு வழுக்கும்லா."

எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தத் தூத்துக்குடி 'ளா'வை அன்றுதான் கேட்டேன். அவருக்கே அது விநோதமாக இருந்திருக்க வேண்டும். உடனே பாடப்புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஜெபம் முடிந்ததும் பத்து நிமிஷம், ஐந்தாம் வகுப்பு முழுவதும் முறைபோட்டு, பையன்களும் சேர்த்து. அந்தப் பத்து நிமிஷம் சத்தம் போடலாம். பதினோராவது நிமிஷம் ஒரு சத்தம் கேட்கக் கூடாது. டிரம்முக்குக் கீழே ஒரு ஈ நிற்கக் கூடாது. மாதா பீடத்தை வாசல் பக்கம் மாற்ற வேண்டும். முதல் மணி அடித்தால் பெண்கள் கணக்கு வகுப்பில் இருக்க வேண்டும்.

இருந்தார்கள். பிலோமினாவின் நுழைவுத் தேர்வில் வகுத்தல் கணக்கு மூன்று வந்ததாம். இரண்டு சரி. ஜூன் மாதம் அவளைப் பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடையில் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். பாவாடையில் இடுப்புப் பக்கம் நையவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமையை. என் பீரியடில் அவள் டிராயிங் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்புப் பெருக்கல் குறிக்குக் கீழே அந்த வாய் இன்னும் திறந்தபடி இருந்தது.

இது வேணும்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்லையா? அப்புறம் ஏன் வியாழக்கிழமை என்கிட்ட சொல்லலை என்று கேட்டேன்.

"நீங்கதான் அட்ச்சிட்டீங்களே சார்" என்றாள்.

ஒன்பதரையை அடித்துப் பத்து போட்டேன். வாயின் மேலிருந்த சிவப்பு மையை அழிக்கப் பார்த்தேன். தாள்தான் தேய்ந்தது. சரி என்று, பக்கத்தில் காலியிடத்தில் நானே ஒரு வாய் வரைந்தேன். டிராயிங் சான்றிதழ் வாங்கிய கை. உதடு, பல், நாக்கு, எதையும் விடவில்லை. கயிறோடு சேர்த்து அம்புக்குறி போட்டு, குரல் என்று எழுதி, நோட்டை அவளிடம் நீட்டினேன்.

பிலோமினா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். இரண்டு பேரும் கலந்து பேசினார்கள்.

"வாய் மாதிரி இல்ல சார். வட மாதிரி கீது" என்றாள். என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "அர மார்க் கம்மி."